முப்பத்தொரு வாசல்களை அடைத்த தெரு

மழை தவறாதிருக்க, மூன்று ஆறுகளும் கரை மீறாதிருக்க, களஞ்சியத்தில் எலியும் எல்லையில் பகையும் புகாதிருக்க, நுணவை நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் வெண்கொக்குக் கொடியுடைய ஆதிரைப் பெருந்தேவியின் ஓலை. மகரத்துறையையும் அதைச் சூழ்ந்த பதினெட்டு உப்பூர்களையும் நம் பொருட்டு ஆண்டு வருபவரும், கடற்கொள்ளையரின் எழுபது படகுகளை ஒரே பகலில் திருப்பி ஓட்டியவரும், சிறு வயதில் நம்மைத் தோளில் ஏற்றித் தேர் காட்டியவருமான நம் அம்மான் கோளரியார் காண்க. தங்கள் துறையில் காற்று நல்ல பக்கமிருந்தே வீசுக. அம்மாமியின் முழங்கால் வலி தணிக. இங்கு நாமும் நம் மக்களும் நலம்.

தங்கள் ஓலை கிடைத்தது. உப்பளத் தெருவில் இருபது வீட்டார் தம் வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு ஒரே வாசல் வழியாகப் புழங்குகிறார்கள் என்றும், அரசுக்குரிய வாசல் இறையை ஏய்க்கும் சூழ்ச்சி இது என்றும், நால்வரைப் பிடித்துச் சிறையில் வைத்திருப்பதாகவும், தெருவை இடித்து எல்லோரையும் ஆற்றுக்கு அப்பால் துரத்த நம் முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கெட்ட பழக்கம் தலைநகரிலிருந்துதான் தொற்றியது, சுண்ணாம்பு இடிக்கும் ஒருத்தி தொடங்கி வைத்தாளாமே, அவளை என்ன செய்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்ன செய்தோம் என்று சொல்கிறோம். கதை கொஞ்சம் நீளம். அம்மான் பாதியில் எழுந்து போகக் கூடாது.

நம் நாட்டில் வீட்டுக்கு இறை எப்படி விதிக்கப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்துத் திறக்கும் வாசல் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கலம் நெல். வீடு பெரிதா சிறிதா என்று எவரும் பார்ப்பதில்லை, வாசலைத்தான் எண்ணுவார்கள். நம் முப்பாட்டனார் இதை விதித்தபோது, அரசன் முன் எல்லா வாசலும் ஒன்றே என்று பெருமையோடு கல்லில் வெட்டி வைத்தார். நல்ல மனிதர். சமமாக வாங்கினால் அதுவே நியாயம் என்று நம்பினார். அவருக்குப் பின் வந்த நாம் ஐவரும் அந்தக் கல்லுக்கு மாலை போட்டோமே தவிர, அதை ஒருமுறை யோசித்துப் பார்க்கவில்லை.

தலைநகரின் வடமேற்கு மூலையில் சுண்ணத் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே முப்பத்திரண்டு வீடுகள். மாளிகை கட்டும் கொத்தர், செங்கல் சுமப்போர், சுண்ணாம்பு இடிக்கும் பெண்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருந்தது. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் இருந்தவள் பூதி. அவள் கணவன் சேந்தன் கொத்தன். இந்த நகரில் இவன் கட்டிய சுவரில் ஊசி நுழையாது என்று பெயர் வாங்கியவன்.

பூதி ஒரு நாள் சுண்ணாம்பு இடித்தால் இரண்டு நாழி நெல் கூலி. அப்படியானால் ஒரு கலம் என்பது அவளுடைய நாற்பத்தெட்டு நாள் உழைப்பு. தெருமுனையில், கட்டட வேலை எடுத்து நடத்தும் பெருவணிகர் ஏழுகடல் நாய்கரின் மாளிகை இருக்கிறது. மூன்று முற்றம், அறுபது தூண், வாசல் ஒன்று. அவரும் ஒரு கலம்தான் அளந்தார். அது அவர் வீட்டுக் குதிரைகள் இரண்டு நாளில் தின்று தீர்ப்பது.

இதோடு போயிருந்தால் பூதி பல்லைக் கடித்துக்கொண்டு அளந்திருப்பாள். இறை வாங்கும் மாதம் ஐப்பசி. முப்பாட்டனார் காலத்தில் ஐப்பசியில்தான் களஞ்சியம் காலியாக இருந்ததாம், அதனால் அந்த மாதம். சுண்ணாம்பு வேலைக்காரர்களுக்கோ ஐப்பசியில் வேலையே கிடையாது; அடைமழையில் யார் சுவர் எழுப்புவார்? ஆகவே தெரு முழுவதும் ஆண்டுதோறும் நாய்கரின் மாளிகைக்குப் போய் நிற்கும். அவர் முகம் சுளிக்காமல் நெல் தருவார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பார்: தை பிறந்ததும் எல்லோரும் அவர் எடுத்த வேலைக்கே வர வேண்டும், அவர் சொன்ன கூலிக்கே வர வேண்டும். இரண்டு நாழி என்பது அப்படி வந்த கூலி. பூதியின் தாய் வாங்கியதும் அதே இரண்டு நாழிதான்.

அம்மான் இதைக் கவனிக்க வேண்டும். நாம் வாங்கியது ஒரு கலம். அந்த ஒரு கலத்தால் நாய்கர் மிச்சம் பிடித்தது ஒரு தெருவின் ஓராண்டு உழைப்பு. நம் கையாலேயே ஏழையின் சோற்றை எடுத்துச் செல்வரின் இலையில் வைத்துக்கொண்டிருந்தோம். நமக்கு அது தெரியவில்லை, பூதிக்குத் தெரிந்தது. எழுத்து அறியாத பெண், உலக்கையைப் போட்டுக்கொண்டே இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். நம் அமைச்சர் எண்மரும் பட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதம், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சுண்ணத் தெருவார் தங்கள் வாசல்களை அடைத்தார்கள். வீட்டுக்கு வீடு நடுச்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி வெட்டினார்கள். காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முப்பத்தொரு வாசல்கள் மறைந்தன. திறந்திருந்தது ஒன்றுதான். எந்த வாசலை விடுவது என்று அன்று பேச்சு வந்தபோது, எல்லோரும் பூதியின் வாசலையே விட வேண்டும் என்றார்களாம். அவள், நடக்க முடியாதவன் வாசல் திறந்திருக்கட்டும், நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம் என்று சொல்லிவிட்டாள். நாய்கரின் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் போன நாகன் என்ற கொத்தனின் வீடு தெருவில் பன்னிரண்டாவதாக இருந்தது. அந்த வாசலே முப்பத்திரண்டு வீட்டுக்கும் வாசல் ஆயிற்று. பூதி தன் வீட்டுக்குப் போக இருபது வீடுகளைக் கடக்க வேண்டும்.

இருபது வீடுகளைக் கடப்பது என்றால் என்ன என்று அரண்மனையில் வளர்ந்த நமக்குப் புரியாது. யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசவில்லை, எவன் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறான் எல்லாம் அம்பலம். ஒருவர் வீட்டு ஆடு இன்னொருவர் வீட்டு அரிசியைத் தின்றுவிட்டு மூன்றாவது வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் மாதத்தில் தினமும் சண்டை. பூதி ஒவ்வொரு வீட்டாரிடமும் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி, அப்படியே ஐப்பசி வரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியில் வாசல் நாயகம் கூத்தனார் எண்ண வந்தார். தங்களுக்குத் தெரியும், கூத்தனார் விதி என்றால் உயிரை விடுபவர். தெருவை இரண்டு முறை மேலும் கீழும் நடந்து பார்த்து, வாசல் ஒன்று, கலம் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். கல்லில் வெட்டிய விதி அப்படித்தானே சொல்கிறது? முப்பத்திரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு கலம் அளந்தார்கள். ஆளுக்கு மூன்று நாழி.

அந்த ஆண்டு நாய்கரின் மாளிகைக்கு எவரும் போகவில்லை. தை பிறந்தது. நாய்கர் ஆள் அனுப்பினார். நான்கு நாழி என்றால் வருகிறோம் என்று தெரு சொல்லிற்று. அவர் சிரித்தார், மாசியில் சிரிப்பு நின்றது, பங்குனியில் நான்கு நாழி கொடுத்தார். நகரத்தில் மற்றவர்களும் அதே கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தெருவின் பிள்ளைகள் அந்தக் கோடையில்தான் வயிறு நிறைய உண்டார்கள் என்று பூதி பிறகு நம்மிடம் சொன்னாள்.

ஆனால் அடைத்த வாசலுக்கு ஒரு விலை இருந்தது. நம் நாட்டு வழக்கப்படி, பிறந்த குழந்தை தன் வீட்டு வாசலால் முதலில் வெளியே வர வேண்டும். இறந்தவர் தம் வாசலாலே போக வேண்டும். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், வாசல் எண்ணும் நாட்களில், சேந்தன் காய்ச்சலில் இறந்துபோனான். தெருவார் கடப்பாரையோடு வந்து பூதியின் வாசலை உடைத்துத் திறப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாள் திறந்தாலும் அது வாசல்தான், கூத்தனார் எண்ணிவிடுவார். எண்ணினால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கலத்தை அளக்கிறோம் என்று கெஞ்சினார்கள். பூதி அந்தச் சுவரில் கை வைத்தாளாம். பிறகு, இது அவர் கட்டிய சுவர், அவரே அடைத்த வாசல், அவருக்காக இதை உடைத்தால் அவருக்கே பிடிக்காது என்று சொன்னாள். ஒருவருக்காகத் திறந்தால் அடுத்தவருக்கு எப்படி மறுப்பது என்று அவள் நினைத்ததையும் நாம் அறிவோம்.

சேந்தனை இருபது வீடுகளின் வழியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பை அணைத்து, பாயைச் சுருட்டி, விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். தினமும் சண்டை போட்டவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே நின்று அவனை வழியனுப்பினார்கள். நம் தந்தையார் இறந்தபோது ஏழு தெருவில் முரசு அறைந்தார்கள். இருபது வீட்டு அடுப்பு அவருக்காக அணைந்ததா என்று நமக்குத் தெரியாது.

இப்போது நம் பிழைக்கு வருகிறோம். அடுத்த மாசியில் நாய்கரும் வேறு பத்து வணிகரும் நம்மிடம் முறையிட்டார்கள். அரசிறை குறைகிறது, குடிகள் விதியைக் கேலி செய்கிறார்கள், தேவியின் பெயருக்கு இழுக்கு என்றார்கள். கூலி ஏறியதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. முப்பத்தொரு வாசல்களையும் இடித்துத் திறக்கவும், பூதியை ஆற்றுக்கு அப்பால் குடியகற்றவும் ஓலை ஆயத்தமாயிற்று. நாம் அதைப் படித்துப் பார்த்து முத்திரை இட்டோம் என்று எழுதத்தான் ஆசை. படிக்கவில்லை. அன்று வேறு நாற்பது ஓலைகள் இருந்தன. முத்திரை மட்டும் இட்டோம்.

கூத்தனார் ஓலையோடு போனார். இடிக்கக் கொத்தரைக் கூப்பிட்டார். நகரத்துக் கொத்தர் எல்லோரும் அந்தச் சுவருக்குப் பின்னாலேதான் குடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இடிக்க வருகிறோம், நாளொன்றுக்கு நான்கு நாழி என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூத்தனார் முகம் சிவந்து வீரர்களை ஏவினார். வீரர்கள் முதலில் பூதியின் வாசலில் தொடங்கினார்கள். சேந்தன் கட்டிய சுவர் அல்லவா? மூன்று வேல்கள் முறிந்தன. காரை ஒரு துண்டு உதிர்ந்தது. வாசலைக் கொண்டுபோக முடியாமல் ஆளைக் கொண்டுபோவோம் என்று பூதியை நம் அவைக்கு அழைத்து வந்தார்கள்.

முழங்கை வரை சுண்ணாம்பு வெந்த தழும்புகளோடு அவள் நின்றாள். அஞ்சினாள், அதை மறைக்கவும் இல்லை. ஆற்றுக்கு அப்பால் போனால் வேலைக்கு வர ஓடம் ஏற வேண்டும், ஓடக்கூலிக்கே பாதி உழைப்பு போய்விடும், அது கையை வெட்டுவதற்குச் சமம் என்று சொன்னாள். அரசிறையை ஏய்த்தாயா என்று கேட்டோம். விதியில் உள்ளபடி நடந்தோம், விதி வீட்டைக் கேட்கவில்லை, வாசலைத்தான் கேட்டது என்றாள். விதியை வளைத்துப் பிழைப்பது அழகா என்று அமைச்சர் ஒருவர் சினந்தார். அதற்கு அவள் சொன்ன விடையை எழுத்தர் மெருகேற்றப் பார்த்தார்; நாம் தடுத்து, அவள் சொன்னபடியே எழுதச் சொன்னோம்.

தேவி கோபிக்கக் கூடாது, இந்த அரண்மனைக்கு ஏழு ஆண்டு நான் சுண்ணாம்பு இடித்திருக்கிறேன், உள்ளே எத்தனை முற்றம் எத்தனை மாடம் என்று எனக்குத் தெரியும், தெருவைப் பார்த்து இதற்கு எத்தனை வாசல் என்று தேவிக்குத் தெரியுமா என்றாள்.

கூத்தனாரைப் பார்த்தோம். அவர் தம் ஏட்டைப் பிரித்துத் தேடினார். தேடத் தேட அவர் குரல் தேய்ந்துபோயிற்று. அரண்மனை, வாசல் ஒன்று, கலம் ஒன்று என்று படித்தார். முப்பாட்டனார் நாள் முதல் இந்த அரண்மனை அளந்துவந்தது அவ்வளவுதான். வாசல் அடைக்கும் வித்தையை நாட்டில் முதலில் செய்தவர்கள் நாமே, அம்மான். வித்தியாசம் ஒன்றுதான், நமக்கு அதற்காக இருபது வீடு நடக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் வெட்கப்பட்டோம். அவையில் எல்லோர் முன்னும் சொன்னோம். இப்போது தங்களுக்கும் எழுதுகிறோம். வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது அந்தப் பெண்ணின் மேல் வந்த மதிப்பு. கழுத்தில் கத்தி இருக்கும்போது உண்மையை அவ்வளவு மரியாதையோடு சொல்பவராக நம் அவையில் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

அன்றே கல்லைப் பெயர்த்தோம். இனி வாசல் எண்ணிக்கை இல்லை. வீடு அடைத்திருக்கும் இடத்தைக் கோலால் அளந்து இறை. முதல் நான்கு கோல் அளவு இடத்துக்கு எதுவும் இல்லை, ஏனெனில் மனிதர் படுத்து உறங்கும் இடத்துக்கு அரசு எதையும் கேட்கக் கூடாது. அதற்கு மேல் விரிய விரிய இறையும் கூடும். வாங்கும் மாதம் ஐப்பசி அல்ல, அறுவடை முடிந்த மாசி. தலைநகரில் முதலில் ஓராண்டு செய்து பார்ப்போம் என்று விதித்து, அளப்போருக்குத் தலைவியாகப் பூதியை அமர்த்தினோம். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளை விட அறிந்தவர் யார்? கூத்தனார் ஏடு சுமந்து அவள் பின்னே நடந்தார். விதி மாறிய பின் புதிய விதிக்கு உயிரை விடுகிறார், நல்ல மனிதர்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது பொன்னும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. தன் வாசலைக் கடப்பாரை தொடக் கூடாது, தானே செங்கல் செங்கலாகப் பிரித்து எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் ஆயிற்று. நாமும் போய் நின்றோம். வாசல் திறந்ததும் அவள் முதலில் தான் வெளியே வரவில்லை. உள்ளே போய், சேந்தன் காரை பூசிய கரணையை வெள்ளைத் துணியில் சுற்றி இரு கையிலும் ஏந்தி, அதை முதலில் அந்த வாசலால் கொண்டுவந்தாள். தெரு முழுவதும் அழுதது. நாமும் அழுதோம், மறைக்கவில்லை.

ஓராண்டு முடிந்தது. இந்த மாசியில் களஞ்சியத்துக்கு வந்த நெல் முன்னைவிடக் குறையவில்லை, கூடியிருக்கிறது. கொடுத்தவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். நாய்கர் தம் மூன்றாம் முற்றம் வீடே அல்ல, நந்தவனம் என்று சாதித்தார். நந்தவனத்துக்கு எதற்குப் பளிங்குத் தரையும் ஊஞ்சலும் என்று கேட்டுவிட்டுப் பூதி கோலை வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். பிறர் மனையில் குடிக்கூலிக்கு இருப்பவர்களிடம் உடையவர்கள் இந்த இறையைச் சேர்த்து வாங்கப் பார்க்கிறார்கள். அதற்கு என்ன வழி என்று பூதியும் நாமும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கூலி ஐந்து நாழி ஆகியிருக்கிறது. சுண்ணத் தெருவில் முப்பத்திரண்டு வாசலிலும் மாலையில் விளக்கு எரிகிறது. நடுச்சுவர் வழிகளை மட்டும் பல வீட்டார் இன்னும் மூடவில்லையாம், பழகிவிட்டது என்கிறார்கள்.

ஆகவே அம்மானுக்கு நம் ஆணை இது. உப்பளத் தெருவில் ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. சிறையிலிருக்கும் நால்வரையும் இந்த ஓலை படித்த நாழிகையிலேயே விடுவித்து, சோறிட்டு, வீடு வரை உடன் சென்று விட்டுவர வேண்டும். மகரத்துறை முழுவதும் இனி வாசல் எண்ணக் கூடாது. கோலால் அளக்க வேண்டும். அளவு உப்பளத் தெருவில் தொடங்கக் கூடாது. தங்கள் மாளிகையில் தொடங்க வேண்டும். கடலைப் பார்த்து மூன்று தெரு நீளத்துக்கு நிற்கும் அந்த மாளிகையில் நாம் ஒளிந்து விளையாடியிருக்கிறோம். அதற்கு எத்தனை அறை என்று நமக்கு நினைவில்லை. எத்தனை வாசல் என்று நன்றாக நினைவிருக்கிறது. நம் அரண்மனையை அளந்த அன்று கோலின் ஒரு முனையை நாமே பிடித்தோம். தாங்களும் பிடிக்க வேண்டும்.

கதிர் உச்சிக்கு வருமுன், சித்திரை ஒன்பதாம் நாள், நுணவைமாநகர் மேலைமாடத்திலிருந்து, சொல்லும் சினமும் நம்முடையவையாக, கையெழுத்து ஓலைநாயகர் அரங்கனாருடையதாக, அரக்கில் வெண்கொக்கு முத்திரை பதித்து விடுத்தோம். ஓலை கொண்டுவந்தவருக்கு இருக்கையும் மோரும் தருவது தங்கள் மாளிகையின் வழக்கம் என்று அறிவோம். இம்முறை கொண்டுவந்தவரைத் தாங்களே எழுந்து சென்று அழைக்க வேண்டும். ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பாருங்கள், அம்மான். தங்கள் ஒரே வாசலில், கையில் கோலோடு நிற்கிறாளே, முழங்கை வரை தழும்புள்ள பெண், அவள்தான் பூதி.